மீசைக்கார மீன்! உங்கள் தொட்டிக்கு ஏற்றது எது?

கண்ணாடித் தொட்டி. தெளிந்த தண்ணீர். மேலே கப்பி மீன்கள் வாலை விசிறி போல ஆட்டிக்கொண்டு திரிகின்றன. நடுவில் டெட்ரா மீன்கள் பட்டாளம் போல அணிவகுத்துப் போகின்றன. அடியில்? ஒன்றும் இல்லை. வெறும் மணல். போட்ட தீனியில் பாதி அங்கே கிடந்து ஊறுகிறது.

மீன் தொட்டி வாங்கிய வீடுகளில் சில வாரங்களுக்குள் இந்த நிலை வந்துவிடும். உடனே வீட்டுக்காரர் மீன் கடைக்கு ஓடுவார்.

"அண்ணே, தொட்டி சீக்கிரமா அழுக்காயிடுதே! என்ன பண்றது?"

"இந்தச் சக்கர் மீன் ஒண்ணு போடுங்க சார். அழுக்கு, பாசி எல்லாத்தையும் தின்னுடும். அப்புறம் தொட்டியைக் கழுவுற வேலையே இல்லை!"

கடைக்காரர் காட்டும் மீன் இரண்டு அங்குல நீளம் இருக்கும். கறுத்த உடம்பு. உடம்பெல்லாம் புள்ளி. வாயைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு தொங்கும். குழந்தைகளுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிடும். விலையும் அதிகம் இல்லை. பாலிதீன் பையில் தண்ணீரையும் மீனையும் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுத்துவிடுவார்.

அந்தப் பையில் இருப்பது ஒன்றரை அடி மீன்! இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

அழுக்கைத் தின்னும் மீன் உண்டா?

கிடையாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மீன்களின் கழிவைத் தின்று வாழும் மீன் எதுவும் கடையில் இல்லை. அடியில் மேயும் மீன், மேலேயிருந்து விழும் தீனியைத் தின்னும். சில வகை, கல்லிலும் கண்ணாடியிலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். தின்ற பிறகு அதுவும் கழிவு போடும். தொட்டியில் ஒரு மீன் கூடினால், அழுக்கும் ஒரு மீன் அளவு கூடும்.

அழுக்கு என்று நாம் கண்ணால் பார்ப்பது கொஞ்சம்தான். கண்ணுக்குத் தெரியாத விஷம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அம்மோனியா. மீனின் செவுளிலிருந்து அது தண்ணீரில் கலக்கிறது. அழுகும் தீனியிலிருந்தும் கலக்கிறது. பில்டர் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கெடுதல் குறைந்த நைட்ரேட்டாக ஆக்குகின்றன. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகச் சுமார் ஒரு மாதம் ஆகும். சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டை வெளியேற்ற எளிய வழி, வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுவது. அதை நாம்தான் செய்ய வேண்டும். மீன் செய்யாது.

அப்படியானால் அடியில் மேயும் மீனே வேண்டாமா? வேண்டும்! வேலைக்காரனாக அல்ல, குடும்பத்தில் ஒருவனாக. அதற்கும் தனியாகத் தீனி போடவேண்டும். இடம் கொடுக்க வேண்டும். துணை கொடுக்க வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால், கெளுத்தி மீன்களைப்போல வேடிக்கையான மீன் தொட்டியில் வேறு இல்லை.

மூவாயிரம் வகைக்கு மேல்

கெளுத்தி நமக்குப் புதிது அல்ல. குழம்பில் பார்த்திருக்கிறோம். வாளை, தேளி எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். உலகம் முழுவதும் 3,000 வகைக்கு மேல் கெளுத்திகள் உண்டு. விரல் நுனி அளவு கெளுத்தியும் இருக்கிறது. ஆளை விட நீளமான கெளுத்தியும் இருக்கிறது.

மற்ற மீன்களுக்கு இருப்பதுபோலச் செதிள் இவற்றுக்குக் கிடையாது. சில வகைக்கு வழுவழுப்பான தோல். சில வகைக்கு எலும்புத் தகடு. வாயைச் சுற்றி மீசை இருக்கும். அந்த மீசை அழகுக்கு அல்ல. அதில்தான் ருசி அறியும் சக்தி இருக்கிறது. இருட்டிலும் கலங்கிய தண்ணீரிலும் மீசையால் தடவியே இரையைக் கண்டுபிடித்துவிடும். நமக்கு நாக்கு முகத்துக்கு வெளியே முளைத்திருந்தால் எப்படியோ, அப்படி!

சில வகையின் செட்டையில் கூர்மையான முள் உண்டு. தேளி குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று ஆற்றில் இறங்கி மீன் பிடித்தவர்களைக் கேளுங்கள்.

இத்தனை வகை இருக்கும்போது, "ஒரு கெளுத்தி கொடுங்க" என்று கேட்டு வாங்குவது, "ஒரு மிருகம் கொடுங்க" என்று கேட்பது போலத்தான். பூனையும் வரலாம், புலியும் வரலாம்.

சக்கர் மீனின் கதை

சக்கர் மீனின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே ஆறுகளில் வாழ்கிறது. உடம்பு முழுவதும் எலும்புக் கவசம். கத்தி கூட எளிதில் இறங்காது. குஞ்சாக இருக்கும்போது பாசியை நன்றாகத் தின்னும். அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். வளர வளர, பாசியின்மேல் உள்ள ஆசை குறைந்துவிடும். மற்ற மீன்களுக்குப் போட்ட தீனியையே எதிர்பார்க்கும். மெதுவாக நீந்தும் தங்க மீன் பக்கத்தில் இருந்தால், இரவில் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேலே உள்ள வழவழப்பைச் சுரண்டும். காலையில் பார்த்தால் தங்க மீனின் விலாவில் புண்!

இரண்டு அடித் தொட்டியில் ஒன்றரை அடி மீன் எப்படித் திரும்பும்? வாலை அடித்தால் செடி பிடுங்கிக்கொள்ளும். கல் உருளும். வீட்டில் சண்டை வரும். "இந்த ராட்சசனை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று அம்மா சொல்வார். அப்பா ஒரு வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு பக்கத்து ஏரிக்குப் போவார். ஓர் உயிரைக் கொல்லாமல் விட்டோம் என்ற திருப்தியோடு திரும்புவார்.

அங்கேதான் விபரீதம் ஆரம்பம்.

ஏரியில் இந்த மீனைத் தின்ன ஆள் இல்லை. கவசத்தைக் கண்டு மற்ற மீன் ஒதுங்கிவிடும். தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் இது சாகாது. மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு இருக்கும். கரையில் நீளமான வளை தோண்டி அதில் முட்டையிடும். ஆண் மீன் காவல் இருக்கும். வளைகள் பெருகினால் கரை இடியும்.

மீனவருக்கு வலையில் நாட்டு மீன் விழாது, இதுதான் விழும். முள்ளும் கவசமும் வலையைக் கிழிக்கும். சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க ஆள் இல்லை. நாள் முழுவதும் உழைத்தவர், கிழிந்த வலையோடு வீடு திரும்புவார்.

இது கற்பனை அல்ல. மெக்சிகோ நாட்டில் இன்பியர்னில்லோ என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே திலேப்பியா மீன் பிடித்து ஏராளமான குடும்பங்கள் பிழைத்தன. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் இந்தக் கவசக் கெளுத்தி அங்கே புகுந்து பெருகியது. திலேப்பியாவுக்குப் போட்ட வலையில் கெளுத்தி குவிந்தது. பல குடும்பங்களின் பிழைப்பு போயிற்று. வங்கத்தில் கிழக்குக் கொல்கத்தாவின் மீன் பண்ணைக் குளங்களிலும் இது பரவியிருக்கிறது. ஆந்திராவிலும் கேரளத்திலும் பிடிபட்டிருக்கிறது. தமிழ்நாட்டு ஏரிகளும் தப்பவில்லை. இவை எதுவும் தென் அமெரிக்காவிலிருந்து தானாக நீந்தி வரவில்லை. வண்ண மீன் வியாபாரத்தோடு வந்தவை.

ஆகவே ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஒரு சக்கர் வளர்ந்து நிற்கிறது என்றால், ஏரி வேண்டாம், குளம் வேண்டாம், கிணறும் வேண்டாம். கோயில் குளம் கூடவே கூடாது. வாங்கிய கடைக்கே கொடுத்துப் பாருங்கள். பணம் கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுக்கலாம்.

இவர்களும் வேண்டாம்!

கடையில் "சுறா" என்று ஒரு மீன் விற்கிறது. வெள்ளி நிறம். விறைத்த முதுகுச் செட்டை. பார்க்கக் குட்டிச் சுறா போலவே இருக்கும். அது சுறா அல்ல. மீகாங் ஆற்றுப் பக்கத்துக் கெளுத்தி. பண்ணையில் வளர்த்து, "பாசா" என்ற பெயரில் கறியாக விற்கிறார்களே, அதே மீன்தான்! நான்கு அடி வரை வளரும். பயந்தால் கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும்.

சிவப்பு வால் கெளுத்தி என்று இன்னொன்று. அமேசான் ஆற்றுக்காரர். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, சிவப்பு வால். குஞ்சாக இருக்கும்போது அழகு கொள்ளை அழகு! ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வாயில் நுழைவதையெல்லாம் விழுங்கும். இதை வீட்டுத் தொட்டிக்கு என்று விற்பதே அநியாயம் என்று சொல்வேன்.

பிக்டஸ் கெளுத்தி நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். நீளமான மீசை. ஓயாத ஓட்டம். பெரிய மீன்களோடு விடலாம். டெட்ராவோடு விட்டால், காலையில் எண்ணிக்கை குறையும்.

வாய்க்காலில் பிள்ளைகள் பிடித்து வரும் நாட்டுக் கெளுத்தியும் இதே ரகம். பகலில் கல்லுக்கு அடியில் சாது போலப் படுத்திருக்கும். விளக்கை அணைத்த பிறகுதான் வேட்டை. காலையில் கப்பியை எண்ணிப் பார்த்தால் விஷயம் தெரியும்.

கெளுத்தி வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "இது எவ்வளவு பெரிசா வளரும்?" என்று கேளுங்கள். "தொட்டிக்குத் தக்கபடிதான் சார் வளரும்" என்று பதில் வந்தால், நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நிற்பது உண்டு. அது நோயால் நிற்பது.

கோரி என்னும் நல்ல பிள்ளை

சரி, எதை வாங்கலாம்?

பல வகை மீன்கள் கூட்டுக் குடித்தனம் நடத்தும் தொட்டிக்கு என்றே பிறந்ததுபோல ஒரு கெளுத்தி இருக்கிறது. கோரிடோராஸ் என்பது அதன் முழுப் பெயர். கடைக்காரர்கள் சுருக்கமாக "கோரி" என்பார்கள். கிரேக்க மொழியில் "தலைக்கவசத் தோல்" என்று பொருள். பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகளை அடுக்கிப் போர்த்தியிருப்பதால் இந்தப் பெயர். இதற்கும் ஊர் தென் அமெரிக்காதான். ஆனால் சக்கர் எங்கே, இது எங்கே! பெரும்பாலான வகை இரண்டு, இரண்டரை அங்குலத்தோடு நின்றுவிடும். யாரையும் கடிக்காது. கப்பி, பிளாட்டி, டெட்ரா, சீப்ரா, யாரோடும் ஒத்துப்போகும்.

கூட்டமாக மணலில் இறங்கி, மூக்கைப் புதைத்து, கிளறிக் கிளறித் தின்னும். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாக வெளியே விடும். சில சமயம் கண்ணைக் கீழே உருட்டும். பார்க்கிறவருக்கு அது கண் சிமிட்டுவதுபோல இருக்கும். குழந்தைகள் "என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது!" என்று குதிப்பார்கள்.

திடீரென்று ஒரு கோரி அம்பு போல மேலே பாயும். தண்ணீர் மட்டத்தில் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, அதே வேகத்தில் கீழே வந்துவிடும். பயப்பட வேண்டாம். கோரி செவுளால் மட்டும் அல்ல, குடலாலும் மூச்சு விடும்! விழுங்கிய காற்றிலிருந்து குடலே பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். ஆனால் எல்லாக் கோரியும் நிமிஷத்துக்கு நிமிஷம் மேலே ஓடினால், தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். காற்று மோட்டாரைப் பாருங்கள். தண்ணீரை மாற்றுங்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒருவருக்குப் பெரிய மனிதர் பழக்கமும் உண்டு. உடம்பில் மிளகு தூவினாற்போலப் புள்ளிகள் உள்ள "மிளகுக் கோரி"யைச் சொல்கிறேன். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார் அல்லவா? அப்போது தென் அமெரிக்காவில் அவர் சேகரித்த மீன்களில் இதுவும் ஒன்று. 1842-ல் ஜெனின்ஸ் என்ற ஆங்கிலேயர் அதற்குப் பெயர் சூட்டினார். டார்வின் கைபட்ட மீனின் வம்சம் இன்று சென்னை கொளத்தூர் கடைகளில் கிடைக்கிறது!

2024-ல் விஞ்ஞானிகள் கோரிக் குடும்பத்தைப் பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள். மிளகுக் கோரி, வெண்கலக் கோரி எல்லாம் வேறு வேறு பெயருக்குப் போய்விட்டன. அதைப்பற்றி நமக்குக் கவலை இல்லை. கடையில் இன்னும் "கோரி" என்று கேட்டாலே கிடைக்கும்.

எந்த ஊருக்கு எந்தக் கோரி?

பலர் இதைப் பார்ப்பதே இல்லை. அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். கோடையில் மீன் செத்த பிறகு கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

கறுப்புக் கண் பட்டையோடு பாண்டாக் கரடி போலவே இருக்கும் "பாண்டா கோரி" குளிர்ந்த தண்ணீரில் வாழ்வது. 20 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். மிளகுக் கோரியும் குளிர்ச்சி விரும்பிதான். சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே இவை தவிக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் இவற்றை ஆசையாக வளர்க்கலாம்.

வெயில் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, வெண்கல நிறத்தில் மின்னும் "வெண்கலக் கோரி." தாக்குப் பிடிக்கும் பேர்வழி. விலையும் குறைவு. புதிதாக வளர்ப்பவர் இதிலிருந்தே தொடங்கலாம். இதிலேயே வெள்ளை நிறமும் கிடைக்கும். இரண்டாவது, "ஸ்டெர்பாய்." கருத்த தலையில் வெள்ளைப் புள்ளி, பக்கச் செட்டையில் ஆரஞ்சு நிற முள். ஸ்டெர்பா என்ற ஜெர்மன் மீன் பேராசிரியரின் நினைவாக 1962-ல் வைத்த பெயர். கோரிகளிலேயே சூட்டை நன்றாகத் தாங்குவது இதுதான். விலை கொஞ்சம் அதிகம். கொடுக்கலாம்.

எதை வாங்கினாலும் வெயில் காலத்தில் காற்று மோட்டாரை நிறுத்தாதீர்கள். தண்ணீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும்.

நீலம், ரோஜா என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் கோரி கண்ணில் பட்டால் ஒதுங்கிவிடுங்கள். வெள்ளைக் கோரிக்கு ஊசி போட்டுச் சாயம் ஏற்றியிருப்பார்கள். சில மாதத்தில் சாயம் போகும். அதற்கு முன்பே மீன் போனாலும் போகும்.

ஒன்று போதாது

"ஒண்ணு போதும் சார், அடியைச் சுத்தம் பண்ணத்தானே" என்று ஒற்றைக் கோரியைக் கட்டிக் கொடுப்பார்கள். அது பாவம். கோரி கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாக விட்டால் மூலையில் பதுங்கிக் கிடக்கும். ஒரே வகையில் குறைந்தது ஆறு வேண்டும். மூன்று பாண்டா, மூன்று வெண்கலம் என்று கலந்து வாங்கினால் கணக்குச் சரியாகலாம், மீனுக்குச் சரியாகாது.

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் ஆறு கோரியும், மேலே ஒரு சின்னக் கூட்டம் டெட்ராவோ கப்பியோ தாராளமாக வாழலாம். அதைவிடச் சின்னத் தொட்டி என்றால் கோரி வேண்டாம். உருண்டைக் கண்ணாடி ஜாடியைப்பற்றிப் பேசவே வேண்டாம்.

அடியில் கூரான கண்ணாடிச் சில்லு போன்ற வண்ணக் கல் போட்டிருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். அதில் கிளறிக் கிளறி மீசை தேய்ந்து, புண்ணாகி, அழுகிவிடும். மீசை போனால் இரை தேடும் வழியே போச்சு. நைசான ஆற்று மணலைப் பல தண்ணீரில் அலசி, ஒன்றிரண்டு அங்குலம் பரப்பினால் போதும்.

பாசிக்கு யார்?

கண்ணாடியில் பச்சைப் பாசி படிகிறது, அதற்கு ஒரு மீன் வேண்டும் என்கிறீர்களா? கோரி பாசி தின்னாது. சக்கரின் தம்பி முறையில் ஒருவர் இருக்கிறார். "பிரிசில்நோஸ்" என்று பெயர். நாலைந்து அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். ஆணின் முகமெல்லாம் கிளைவிட்ட முட்கள் முளைத்திருக்கும். தாடி வைத்த சாமியார் போல! பாசியை நன்றாக மேயும். ஒளிய ஒரு சட்டி ஓடும், சுரண்ட ஒரு மரக்கட்டையும் தேவை. இரண்டரை, மூன்று அடித் தொட்டிக்கு ஒன்று போதும். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் அடிதடிதான். கடையில் சக்கர் குஞ்சையும் இதையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். வளர்ந்த ஆணாகப் பார்த்து, முகத்தில் முள்ளை எண்ணி வாங்கினால் ஏமாற வேண்டாம்.

ஓட்டோ என்று இன்னொரு குட்டி. ஒன்றரை அங்குலம்தான். சின்னத் தொட்டிக்கும் ஏற்றது. ஆனால் ஆற்றிலிருந்து பிடித்து வந்த மீனாக இருக்கும். வழியெல்லாம் பட்டினி கிடந்திருக்கும். புதுத் தொட்டியில் பாசி இருக்காது, பசியால் செத்துவிடும். தொட்டி ஓடி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு ஐந்தாறு வாங்குங்கள்.

தலைகீழாக நீந்தும் காங்கோ கெளுத்தியும் கூட்டுக் குடித்தனத்துக்கு ஆகும். நாலு அங்குலம்தான் இருக்கும். ஆனால் பகலெல்லாம் ஒளிந்துகொள்ளும். விருந்தாளிக்குக் காட்டலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

கடையில் என்ன பார்ப்பது?

அவசரம் வேண்டாம். தொட்டி முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். மீசை முழுதாக இருக்கிறதா? வயிறு உருண்டு இருக்கிறதா, ஒட்டிப்போயிருக்கிறதா? கண் குழி விழுந்திருக்கிறதா? வயிற்றில் சிவப்புத் தடிப்பு உண்டா? அதே தொட்டியில் செத்த மீன் மிதந்தால், அங்கே எதையும் வாங்காதீர்கள். "கொஞ்சம் தீனி போடுங்கண்ணே" என்று கேளுங்கள். ஓடிவந்து தின்னும் மீன்தான் நல்ல மீன்.

பிடிக்கும்போது வலை வேண்டாம், டம்ளர் நல்லது. கோரியின் செட்டை முள் வலையில் சிக்கினால் பூட்டுப் போட்டதுபோல நிற்கும். பிய்த்து எடுத்தால் காயம்படும். நெருக்கிப் பையில் அடைத்தாலும் ஆபத்து. பயந்துபோன கோரி உடம்பிலிருந்து ஒரு விஷத்தைக் கசியவிடும். சின்னப் பையில் அது அதற்கே எமன். அதனால் பெரிய பை கேளுங்கள். வீட்டில் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

சாப்பாடு இராத்திரி. விளக்கை அணைத்த பிறகு, அடியில் மூழ்கும் உருண்டைத் தீவனம் போடுங்கள். பகலில் போட்டால் மேலே உள்ளவர்கள் வழியிலேயே பறித்துவிடுவார்கள். ஆறு கோரிக்கு நாலைந்து சின்ன உருண்டை. காலையில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். வாரம் ஒரு நாள் உறைந்த ரத்தப்புழு கொடுத்தால் அதுதான் தீபாவளி. பிரிசில்நோசுக்கு வெந்நீரில் முக்கிய வெள்ளரித் துண்டு, கீரை. மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிட வேண்டும்.

ஒரு வருஷம் இப்படிப் பார்த்துக்கொண்டால், ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் அதிசயம் நடக்கும். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீராக மாற்றியிருப்பீர்கள். காலையில் பார்த்தால் கோரிகள் ஒன்றையொன்று துரத்தும். பெண் கோரி வயிற்றுச் செட்டை இரண்டையும் கூப்பிய கை போல வைத்துக்கொண்டு, அதில் முட்டையைத் தாங்கி, கண்ணாடியில் கொண்டுபோய் ஒட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஜவ்வரிசியை ஒட்டிவைத்தாற்போல இருக்கும். அப்படியே விட்டால் தாயே தின்றுவிடும். விரலால் மெல்ல உருட்டி எடுத்து, அதே தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டியில் போட்டு, காற்றுக் குழாயை மெதுவாக ஓடவிடுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த முட்டையை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் குஞ்சு வெளிவரும். முதல் இரண்டு நாள் வயிற்றோடு வந்த கருவே அதற்கு உணவு. பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சு கொடுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அதற்குள் மீசையும் முளைத்திருக்கும்.